ஏசி போட்டால் இன்ஜின் சூடாகிறதா? கேஸ் அடிக்கும் முன் ஃபேனைப் பாருங்கள்

நான் வைத்திருக்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு செகண்ட்ஸ் விலை இப்போது நன்றாக இறங்கிவிட்டது. "வாங்கலாமுங்களா?" என்று பல்லடத்து நண்பர் கேட்கிறார். மைலேஜ், இடவசதி, சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஏசி போட்டால் இந்த வண்டி சூடேறுவதையும், அதற்கு ஒர்க்‌ஷாப்பில் நடக்கிற தப்பு வைத்தியத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் அவிநாசி ரோடு சிக்னலில் நின்றால் ஏசியில் வெதுவெதுப்பான காற்று வரும். வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் மறுபடி ஜில்லென்று ஆகிவிடும். கொண்டுபோய்க் காட்டினால் "கேஸ் கம்மியா இருக்குதுங்ணா" என்று சொல்லி கேஸ் அடித்து அனுப்பிவிடுவார்கள். இங்கேதான் கோபம் வருகிறது. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டின் சூடு எல்லை தாண்டினால், இன்ஜினைக் காப்பாற்ற வண்டியின் கம்ப்யூட்டரான இசியு தானாகவே ஏசி கம்ப்ரசரை நிறுத்திவிடும். நின்றால் சூடு, ஓடினால் ஜில் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் ஃபேன் இழுக்கும் காற்றோட்டத்தை. சரியாக இருக்கும் கேஸின் மேல் இன்னும் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து அழுத்தம் (ஹை சைடு பிரஷர்) கூடும், ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் இன்னும் கொதிக்கும். கண்டென்சருக்கு நேர் பின்னால்தான் கூலன்ட்டை ஆற்றும் ரேடியேட்டர். அந்த அனல் முழுவதும் அதன் மேல்தான் போகும். கேஸ் மாற்றியே ஆக வேண்டுமென்றால், உள்ளே இருப்பதை முழுதாக எடுத்துவிட்டு, பானெட் அடியில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

சிக்னலில் சூடாகி, பைபாஸில் சரியாகிவிட்டால் கோளாறு காற்றில். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போதோ, பைபாஸில் விரட்டும்போதோ சூடேறினால் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம்: அடைத்த ரேடியேட்டர், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப். காற்றா, தண்ணீரா என்று இனம் கண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

காற்றைச் சோதிக்க ஒரு செய்தித்தாள் போதும். வண்டியை ஐடிலில் விட்டு ஏசியைப் போடுங்கள். ஃபேன் ஓடும்போது ஒரு தாளை முன் கிரில்லில் வையுங்கள். பட்டென்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கலாம். தாளை வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியவர் பிளஸ், மைனஸ் வயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஏமாற்றுவது இரண்டாவது ஸ்பீடுதான். ஹை ஸ்பீடுக்குக் கரன்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலே போனாலும் லோ ஸ்பீடில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஃபேன் ஓடுதே" என்று அதோடு விட்டுவிடுவார்கள். ஒரே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பல்லடம், சோமனூர் என்றால் தறிப் பஞ்சு. பொள்ளாச்சி என்றால் தென்னை நார்த் தூசி. இரண்டும் கண்டென்சரைத் தாண்டிப் போய் ரேடியேட்டர் முகத்தில் போர்வை போலப் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றி, லேசாகப் பின்னால் சாய்த்து, இடுக்கில் டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும். ஃபேனைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கினால் காற்று போகவே வழியிருக்காது.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்மூர் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடாகாது" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், மூலக் கோளாறு அப்படியே இருக்கும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க சுமார் 120 டிகிரி வேண்டும், மூடியின் ரப்பர் இறுகி அழுத்தம் கசிந்தால் 100-லேயே கொதித்துவிடும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடியை மாற்றுங்கள். புதிய மூடியில் பழையதில் உள்ள அதே பார் அளவு இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீலான ஹெட் கேஸ்கட் போன கதை, அதற்கு வேறு செலவு.

இதெல்லாம் சரியாக இருந்தால் இந்த வண்டியின் ஏசிக்கு ஈடு கிடையாது. மே மாத மத்தியானம் பெருந்துறை பைபாஸில் பின் சீட்டில் இருப்பவர்களே குறைக்கச் சொல்வார்கள். இன்ஜினும் உழைப்பாளி. ஆனாலும் டவுனுக்குள் ஓட்ட இதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரணம், டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது காரியம் கைமீறியிருக்கும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் முள் இல்லாமல் வண்டி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இசியு காட்டும் அளவுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்று மாட்டி, போனில் கூலன்ட் டிகிரியைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். 90-லிருந்து 100 வரை கவலையில்லை, 105 தாண்டினால் ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுவேன்.

அதையும் மீறி வாங்குவதென்றால், பார்க்கப் போகும்போது மத்தியான நேரமாகப் பார்த்துப் போங்கள். ஏசியைப் போட்டு நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விட்டு, ஃபேன் ஹை ஸ்பீடுக்கு மாறும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.