உட்சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? நிறத்தோடு பளபளப்பையும் எழுதி வாங்குங்கள்

கூடத்துக்கு மேட் (பளபளப்பே இல்லாதது), சமையலறைக்கு செமி கிளாஸ் (ஓரளவு பளபளப்பானது) என்றுதான் காண்ட்ராக்டரிடம் பேசி, முழுப் பணத்தையும் முன்பே கொடுத்திருந்தோம். வேலை தொடங்கிய அன்று, "கூடத்துக்கும் செமி கிளாஸே அடிச்சிடலாங்க, அழுக்குப் பட்டா ஈரத்துணியால துடைச்சிக்கலாம்" என்றார். துடைக்கலாம் என்பது உண்மைதானே என்று சம்மதித்துவிட்டேன். அவர் சொல்லாமல் விட்டதுதான் எங்களைக் கெடுத்தது.

மேட் பெயின்ட் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும், சுவரின் மேடுபள்ளம் கண்ணில் படாது. பளபளப்பு கூடக் கூட அத்தனையும் வெளியே வரும். அவரோ சுவரைச் சமப்படுத்தும் பட்டியை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு, உப்புத்தாளால் சரியாகத் தேய்க்காமலே ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்திருக்கிறார். காலையில் சுவர் அழகாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுந்ததும் பட்டி பிளேடு போன தடமெல்லாம் வரிவரியாக எழுந்து நின்றது. என் மனைவி அழுதே விட்டாள்.

கூப்பிட்டுக் காட்டினோம். அங்கங்கே பட்டி வைத்து, பிரஷ்ஷால் தொட்டுவிட்டுப் போனார். மேட் பெயின்ட்டில் அப்படி ஒட்டுப்போட்டால் பெரும்பாலும் தெரியாது. இதில் ஒவ்வொரு ஒட்டும் தனியாக மின்னுகிறது. அதற்கப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. கூடத்துக்கு அடித்தது வேறெங்கோ வேலை செய்து மிஞ்சிய பாதி டப்பாக்கள். நாங்கள் வாங்கி வைத்த மேட் சமையலறைச் சுவருக்குப் போயிருக்கிறது! அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது. அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் வழவழவென்று பளபளக்கிறது. சாதாரண மேட் பெயின்ட்டின் குணமே அது. எண்ணெயும் ஈரமும் படும் இடத்தில் சாட்டினோ (மேட்டுக்கும் செமி கிளாஸுக்கும் இடைப்பட்டது) செமி கிளாஸோதான் நிற்கும்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பளபளப்பை 60 பாகைக் கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி அளப்பார்கள். பெயின்ட் தரங்களை வகுக்கும் மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் அளவுகோலில் மேட் 5 அலகுக்குள் இருக்கும், சாட்டின் 20 முதல் 35, செமி கிளாஸ் 35 முதல் 70. கடையில் அந்தப் பெயின்ட்டின் விவரத்தாளைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கூடத்துச் சுவரை உப்புத்தாளால் தேய்த்து, மினுமினுப்பை எடுத்து, மறுபடி பட்டி பார்த்து, ப்ரைமர், அப்புறம் மேட் அடிக்க வேண்டும். வேறொருவர் வருகிறார். எந்த அறைக்கு எந்தப் பளபளப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டேன். சீல் பிரிக்காத டப்பாவை என் கண்ணெதிரே திறக்க வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. ப்ரைமர் காய்ந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நானும் அவரும் சேர்ந்து பார்ப்போம். அதில் நிழல் விழுகிற இடத்தையெல்லாம் சரிசெய்த பிறகுதான் முதல் கோட்.