பெல்ஜியத்தின் கடற்கரை டிராம்: எங்கெங்கே இறங்க வேண்டும்?

பெல்ஜியத்துக்குக் கடற்கரை என்று இருப்பது 70 கிலோமீட்டருக்கும் குறைவுதான். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய டெ பானேயிலிருந்து நெதர்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள நொக்கே வரை, அந்தக் கரையிலுள்ள உல்லாச ஊர்களையும் பழம்பெரும் துறைமுகங்களையும் ஒரே டிராம் தடம் கோத்துச் செல்கிறது. 1885இல் ஒஸ்டெண்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே நீராவி வண்டியாகத் தொடங்கிய இந்தச் சேவையை, இன்று பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான டெ லெய்ன் நடத்துகிறது. கடந்த ஜூன் மாதம் இரண்டு நாள்கள் இதில் ஏறியும் இறங்கியும் சுற்றிய பிறகு இதை எழுதுகிறேன்.

முழுத் தடத்தையும் கடக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அப்படி ஒரே மூச்சில் போக வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழி நெடுகக் கடலைப் பார்க்கலாம் என்று எண்ணி வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏனெனில் பெரும்பாலான ஊர்களில் கரையை ஒட்டி எழுப்பப்பட்ட அடுக்குமாடி வீடுகள் சுவர்போல் நின்று கடலை மறைக்கின்றன, அவை இல்லாத இடங்களில் மணல்மேடுகள் மறைக்கின்றன. இந்தக் குறை வண்டியினுடையது அன்று, கரையினுடையது. ஒஸ்டெண்டுக்கும் மிடல்கெர்கேவுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் விதிவிலக்கு: அங்கே தண்டவாளம் கடலோரமாகவே ஓடுகிறது, வட கடலின் சாம்பல் நிற அலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. அதே பகுதியில்தான் ராவர்சைடே நிறுத்தமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் எழுப்பிய அட்லாண்டிக் அரணின் பதுங்குகுழிகளும் பீரங்கி மேடைகளுமாக 60க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அரை நாளை அதற்கென ஒதுக்குவது நல்லது.

என்னை மிகவும் ஈர்த்த நிறுத்தம் டெ ஹான். இங்கே மட்டும் உயரமான கட்டடங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓட்டுக் கூரையுமான பழைய மாளிகைகள், வளைந்து செல்லும் சிறு தெருக்களின் இருபுறமும் மரங்களுக்கிடையே நிற்கின்றன; டிராம் நிலையமே பார்க்கத் தகுந்த ஓர் அழகிய பழங்கட்டடம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில், ஜெர்மனிக்குத் திரும்ப முடியாத ஐன்ஸ்டைன் வசந்தத்திலிருந்து செப்டம்பர் வரை இவ்வூரின் சவோயார்ட் இல்லத்தில் தங்கியிருந்தார். பிறகு இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்குச் சென்றவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. அந்த வீட்டைத் தெருவிலிருந்துதான் பார்க்க முடியும் என்றாலும், நான் அங்கே வெகுநேரம் நின்றிருந்தேன்.

வரலாற்றுக்காக இறங்குபவர்கள் நியூபோர்ட்டைத் தவறவிடக் கூடாது. முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் இறுதியில், முன்னேறி வந்த ஜெர்மன் படையைத் தடுக்க, பெல்ஜியர்கள் இங்குள்ள மதகுகளைத் திறந்து கடல்நீரைத் தாழ்நிலங்களுக்குள் விட்டார்கள். அந்த வெள்ளப்பரப்புக்கு அப்பால் எதிரியால் வர முடியவில்லை, அடுத்த நான்கு ஆண்டுகளும் போர்முனை ஏறத்தாழ அங்கேயே நின்றது. நீர்வழிகள் விரிந்து கூடும் அந்த மதகுத் தொகுதியையும், அதன் அருகே முதலாம் ஆல்பர்ட் மன்னருக்கு 1938இல் எழுப்பிய வட்ட வடிவ நினைவுச் சின்னத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். போரில் தரைமட்டமான ஊரைப் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அறிந்த பின் அதன் தெருக்களில் நடப்பது வேறோர் அனுபவமாகிறது.

ஊஸ்ட்டெளன்கெர்கேயில் கோடையில் சில நாள்களில், பருத்த உழவுக் குதிரைகள் மார்பளவு நீரில் வலையை இழுத்து இறால் பிடிப்பதைக் காணலாம். 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த இத்தொழில் கடல் வற்றும் வேளையை ஒட்டியே நடப்பதால், நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். நொக்கே விலையுயர்ந்த கடைகளின் ஊர். எனக்கு ஒரு மணி நேரமே போதுமானதாக இருந்தது.

வண்டியைப் பற்றிச் சில சொற்கள். புதிய வண்டிகள் தாழ்தளம் கொண்டவை என்பதால் முதியவர்களும் குழந்தை வண்டியோடு வருபவர்களும் சிரமமின்றி ஏறலாம். வெயில் அடிக்கும் விடுமுறை நாள்களில் நண்பகலுக்கு முன் இருக்கை கிடைப்பது அரிது. ஆகவே காலையிலேயே கிளம்புவது நல்லது. பலமுறை ஏறி இறங்க ஒரு நாள் பயணச்சீட்டே ஏற்றது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒஸ்டெண்டை அடைந்தால், நிலையத்தை ஒட்டியே டிராம் நிற்கும். அங்கிருந்து டெ பானே நோக்கிப் போகும் வண்டியில் வலப்புறம் அமருங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும்.