பிக்கிள்பால் செட்: மட்டையை வாங்குங்கள், வலையை விட்டுவிடுங்கள்

தோவாளையில் எனக்குப் பூ வியாபாரம். எங்கள் ஊர் விளையாட்டு மன்றத்துக்கு ஆறு வருடமாக நான்தான் பொருளாளர். அதனால் இதில் காசுப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

மன்றத்துக்கு இரண்டு களம். ஒன்று மணல் போட்ட வாலிபால் களம். அதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. பக்கத்தில் சிமெண்ட் போட்ட ஷட்டில் களம், அங்கேதான் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அத்தனை காற்றாடிகள் சுற்றுகின்றன, இறகுப் பந்து எம்மாத்திரம்? இங்கே அடித்தால் அடுத்த வீட்டு ஓட்டில் கிடக்கும். போன ஓணத்துக்குப் பிச்சியும் கேந்தியும் நல்ல விலைக்குப் போனது. வியாபாரிகள் நாலு பேர் மன்றத்துக்கு நன்கொடை தந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். "சித்தப்பா, அங்க எல்லாரும் பிக்கிள்பால்தான் ஆடுறாங்க, நம்ம களத்துக்குச் சரியா இருக்கும்" என்றான். கெட்டி மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தாழ்ந்த வலைக்கு மேலே தட்டி ஆடுகிற ஆட்டம். ஆன்லைனில் ஆர்டர் போட்டோம். நாலு மட்டை, நாலு பந்து 3,200 ரூபாய். கழற்றி மாட்டுகிற வலை தனியாக 6,500 ரூபாய்.

வலையை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் அதில்தான். படத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. இரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் குழாய்களைச் சேர்க்கிற மூட்டு பிளாஸ்டிக். மூன்றாம் மாதமே ஒன்று விண்டது. வைகாசி கடைசியில் காற்று பிடித்ததும் வலை மொத்தமாகக் குப்புற விழுந்தது. பூச்சாக்கில் மணல் நிரப்பிக் காலில் வைத்தோம், அடுத்த காற்றுக்கு நடுக்குழாய் வளைந்தது. விற்றவரிடம் கேட்டால் காற்றுக்கு வாரண்டி இல்லையாம். பொதுக்குழுவில் என்னைத்தான் பிழிந்தார்கள்.

கடைசியில் வழி சொன்னது எங்கள் தபால் மாமா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. "ஷட்டில் கம்பம் சும்மாதானடே நிக்குது, வலையை இறக்கிக் கட்டு" என்றார். கட்டினோம். ஓரத்தில் 36 இஞ்சு, நடுவில் 34 இஞ்சு உயரம் வேண்டும். மாமா கமுகு வரிச்சி ஒன்றை 34 இஞ்சுக்கு வெட்டி வைத்திருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால் அதை நடுவில் நிறுத்தி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். ஷட்டில் வலையின் அகலம் இரண்டரை அடி என்பதால் அடியில் ஓரத்தில் அரையடியும் நடுவில் நாலு இஞ்சும் சந்து இருக்கும். அதில் நுழைந்து போன பந்தை மேலே போனதாகச் சாதிப்பவர்களும் உண்டு, அதற்கு என்ன செய்ய?

இந்த விளையாட்டு பிறந்ததே இப்படித்தானாம். 1965-ல் அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்திலுள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் பழைய ஷட்டில் களத்தில் ஆடப் போயிருக்கிறார்கள். சாமான் முழுசாகக் கிடைக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆரம்பித்து, அப்புறம் வலையை 36 இஞ்சுக்கு இறக்கிவிட்டார்கள். களத்தின் அளவு அதனால்தான் இன்றைக்கும் ஷட்டில் இரட்டையர் களத்தின் அதே 20க்கு 44 அடி. ஒரு கோடுதான் மாறும். ஷட்டிலின் முன்கோடு வலையிலிருந்து ஆறரை அடி, இதற்கு ஏழடி. அரையடி பின்னால் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம், வேலை முடிந்தது.

அந்த ஏழடிக்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாது. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாமி சொன்னார்: "உங்க மாமாவுக்கு அந்தச் சட்டம் பிரச்சினையே இல்ல, முப்பது வருஷமா நம்ம வீட்டுக் கிச்சன்லயும் கால் வச்சதில்ல."

மட்டைக்கு வருகிறேன். மேலே ஃபைபர் கிளாஸ், உள்ளே தேனடை மாதிரி அறை அறையாகப் பிளாஸ்டிக். கொடுத்த காசுக்கு நல்ல மட்டைதான். ஒன்றில் மட்டும் ஓரப்பட்டி பெயர்ந்தது. செருப்புத் தைக்கிற இடத்தில் பசை போட்டு ஒட்டினோம், இன்னும் தாங்குகிறது. கைப்பிடி வியர்வைக்கு வழுக்கும். ஷட்டில் மட்டைக்குச் சுற்றுகிற கிரிப்பையே மேலே சுற்றிக்கொள்ளலாம்.

பந்தில் கவனம் வேண்டும். செட்டோடு வந்தது 26 ஓட்டைப் பந்து, உள்ளரங்கத்துக்கானது. ஓட்டை பெரிது, ஆள் லேசு, எங்கள் காற்றில் வளைந்து வளைந்து போகும். வெளியில் ஆட 40 ஓட்டைப் பந்து கேட்டு வாங்குங்கள். ஓட்டை சிறிது, கெட்டியான பந்து. அதற்காகக் காற்றை ஜெயித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆடி மாதத்தில் நாங்கள் காலை ஆறரைக்கே ஆடி முடிக்கிறோம். பூச்சந்தை இருக்கிற நாளில் எனக்கு அதுவும் இல்லை. பந்து விண்டால் கண்ணுக்குத் தெரியாது. 'டொக்' என்பது 'சளக்' என்று மாறும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அந்த 'டொக்'தான் ஊரில் ஒரே புகார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று வந்து சொன்னார்கள். நியாயம்தான். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டையைத் தொடுவதில்லை.

முதல் வாரம் வாலிபால் பையன்கள் வந்து ஓங்கி ஓங்கி அடித்தார்கள், எல்லாம் கோட்டுக்கு வெளியே. மாமா வலையை ஒட்டிப் பந்தை மெல்லத் தட்டிப் போட்டு, 11-4 என்று அனுப்பிவைத்தார். "மக்கா, பலத்தை வீட்டுல வச்சிட்டு வா." பையன்கள் திரும்ப மணலுக்கே போய்விட்டார்கள். இப்போது தினமும் ஆடுவது முழங்கால் வலிக்கிறது என்று மன்றத்துப் பக்கமே வராமல் இருந்த எட்டுப் பேரும், கூடவே ஏழு பெண்களும். சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் புள்ளி என்பது பழக ஒரு வாரம் ஆகும். தலைக்கு மேல் போகிற பந்துக்குப் பின்பக்கமாகவே ஓடாதீர்கள், திரும்பி ஓடுங்கள். எங்கள் ஆள் ஒருவர் பின்பக்கமாக ஓடி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு ஒரு மாதம் இருந்தார்.

ஷட்டில் களம் உள்ள மன்றத்துக்கு 3,200 ரூபாய் மட்டை செட்டும் ஒரு டஜன் 40 ஓட்டைப் பந்தும் போதும். அந்த 6,500 ரூபாய் வலையின் குழாய்களில் வளையாதவை இப்போது என் கடையில்தான் இருக்கின்றன. கேந்தி மாலை தொங்கவிட வசதியாக இருக்கிறது. கணக்கில் எழுதிவிட்டேன்.