காலையில் சமர்த்து, கோப்பிக்குப் பிறகு முரண்டு: என் செயின்சா நான்கு வருஷத்துக்குப் பின்

நான் வைத்திருக்கும் இந்தச் செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்) மாடலுக்கு விலை 200 சிங்கப்பூர் வெள்ளி இறங்கியதும் இரண்டு கூட்டாளிகள் அடுத்தடுத்து கேட்டுவிட்டார்கள், "அண்ணே, நீங்க வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று. 50 சிசி, 18 அங்குல பார், எடை எவ்வளவு என்பதையெல்லாம் கடைக்காரரே ஒப்பிப்பார். சிங்கப்பூரில் மரம் வெட்டிப் பிழைக்கிற எனக்குச் சொல்ல இருப்பது மெஷினைக் கிளப்ப இழுக்கிற கயிற்றைப் பற்றி மட்டும்தான்.

காலையில் ஒரு குறையும் கிடையாது. பம்ப் குமிழை அமுக்கி, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டு, எஞ்சின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் பட்டனை அழுத்திவிட்டு இழுத்தால் சீக்கிரமே 'டுப்' என்று ஒரு சத்தம் வரும். சோக்கை எடுத்து, பட்டனை மறுபடி அழுத்தி இழுத்தால் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பட்டன் ஒவ்வொரு முறை எஞ்சின் 'டுப்' என்னும்போதும் தானாக மேலே எழும்பிவிடும். புதிதாக வரும் தம்பிகள் இதைக் கவனிக்காமல் முழு அழுத்தத்தோடு இழுத்து, தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

வம்பு பத்து மணிக் கோப்பிக்குப் பிறகுதான். செனகல் மகோகனி அடிமரத்தை ஒரு மணி நேரம் அறுத்துவிட்டு, அணைத்து வைத்துவிட்டுப் போனோமா, வந்து இழுத்தால் கிளம்பாது. சோக் போட்டாலும் இல்லை, போடாவிட்டாலும் இல்லை. ஒருநாள் விடியற்காலை சுமத்ரா காற்று என்கிற சூறைக்காற்று அடித்து, வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடம் ஒன்றில் தூங்குமூஞ்சி மரக் கிளை இரண்டு கார்களுக்குக் குறுக்கே கிடந்தது. பாதி அறுத்து நிறுத்தியிருந்தோம். கார்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், மேலே தாழ்வாரத்தில் ஆயாக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், நான் ஒரு காலைக் கைப்பிடிக்குள் மிதித்துக்கொண்டு இழுக்கிறேன், இழுக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, சூடம் காட்டவா?"

காரணம் சூடுதான். எஞ்சின் ஓடும்போது ஃபிளைவீல் காற்றடித்துக் குளிர வைக்கும். அணைத்ததும் அந்தக் காற்று நின்றுவிடும், சிலிண்டரில் தேங்கிய சூடு முழுக்க, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு ஏறும். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். வெளியே நிழலிலேயே 32 இருக்கிற ஊரில் உள்ளே என்ன நடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இதே மெஷினில் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு தடுப்பு இருக்கிறது, பனிக்காலத்துக்காம்! பனியில் வெட்டுகிறவனுக்காக யோசித்தவர்களுக்கு வெயிலில் வெட்டுகிறவன் ஞாபகம் வரவில்லை. (உங்களுடையதில் அந்தத் தடுப்பு கோடைக்கால நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

முதலில் கொண்டுபோன பட்டறையில் கயிற்றையும் ஸ்பிரிங்கையும் மாற்றி பில் போட்டுவிட்டு, "இழுக்கத் தெரியணும் பாஸ்" என்று ஒரு புத்திமதியும் கொடுத்தார்கள். இழுக்கத் தெரியாமலா காலையில் கிளம்புகிறது? மறுநாளே பழைய கதை.

போன மாதம் இன்னொரு இடத்தில் வயதான சீன அங்கிள் ஒருவர் கயிற்றைத் தொடவே இல்லை. சூடாக ஓடவிட்டு, அணைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். முனை கறுத்து, சொட்டச் சொட்ட ஈரம். மோந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கும் நீட்டினார், பச்சைப் பெட்ரோல் வாடை. பிறகு கார்புரேட்டரைத் திறந்து டயாப்ரத்தை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு) எடுத்து விரலால் அமுக்கினார். துணி மாதிரி மெத்தென்று இருக்கவேண்டிய அது விறைத்துப்போய்க் கடகடவென்றது. பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வும் சரியாக மூடவில்லை. வெயிலில் டேங்க் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் பெட்ரோலை ஊசியைத் தாண்டித் தள்ளும், நாம் கோப்பி குடிக்கும் நேரத்தில் எஞ்சின் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் சோக்கும் போட்டால் கேட்கவே வேண்டாம். டயாப்ரமும் ஊசியும் சேர்ந்த கிட் மாற்றிய செலவு, முதல் பட்டறையின் கயிற்று பில்லில் பாதிகூட இல்லை.

இப்போது பரவாயில்லை. முழுக்கச் சரியானதா என்றால் இல்லை. கனமாக வெட்டிய பிறகு ஒரு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கிறோம், நிழலில் வைக்கிறோம், சூடான மெஷினுக்கு சோக் போடுவதில்லை, அரை ஆக்சிலேட்டரில் மட்டும் இழுக்கிறோம். 50க்கு 1 கணக்கில், லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலக்கிறோம், கலந்து வெகுநாள் ஆனதை ஊற்றுவதில்லை. இவ்வளவு சேவகத்துக்கும் பிறகு, மத்தியான வெயிலில் இன்னமும் அது மூடைப் பொறுத்துத்தான் கிளம்புகிறது.

வெட்டு விஷயத்தில் பொய் சொல்ல முடியாது. அங்சானா, மகோகனி எதுவானாலும் திணறாது. அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் அருமை. முன்பு வைத்திருந்த மெஷினைப் பிடித்தால் சாயங்காலம் சோற்றுப் பருக்கையை உருட்ட விரல் வராது, இதில் அந்தத் தொல்லையே இல்லை. செயினுக்கு ஆயில் ஒழுங்காக வருகிறது, கீழே ஒழுகுவதில்லை.

ஆனாலும் வாங்காதீர்கள். 200 வெள்ளி என்ன, 400 குறைத்தாலும் வேண்டாம். வேலை பெரும்பாலும் கிளை கழிப்பதுதான் என்றால் பேட்டரி மெஷின் போதும், பட்டனை அமுக்கினால் ஓடுகிறது. என்னுடையதை விற்பேனா என்று கேட்காதீர்கள், விற்க மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒரு டயாப்ரம் கிட் வாங்கி லாரியில் போட்டு வையுங்கள். கடையில் இருப்பு இல்லையென்றால் வெளியிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள்.