வடசென்னை காருக்கு எந்தக் கூலண்ட், ஒழுகினால் எந்த வைத்தியம்?

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எதிர்காற்று கிடையாது, ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டுமே கதி. டெம்பரேச்சர் முள் ஏறுவது அப்போதுதான். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் குறைந்திருந்தால் ஒழுகலை எப்படி நிறுத்துவது, எதை ஊற்றுவது என்று இரண்டு கேள்வி வரும். ஊற்றுவதை முதலில் பார்ப்போம். பல ஒழுகல்களுக்கு மூலமே அதுதான்.

போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. கரையோரத்தில் பல போர்களில் உப்புதான் வருகிறது. அதிலுள்ள குளோரைடு, அலுமினிய ரேடியேட்டரைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போடும். கால்சியம் சூட்டில் படிந்து மெல்லிய குழாய்களை அடைக்கும். கேன் தண்ணீரும் சரிவராது. ஆர்.ஓ.வில் உப்பு குறையுமே தவிர, முழுக்கப் போகாது.

டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றினால்? வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதில் கூலண்டின் மூலப்பொருளான கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் துருவைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை, 100 டிகிரியில் கொதித்தும் விடும். கூலண்டும் தண்ணீரும் சேர்ந்த பாதிக்குப் பாதி கலவை சுமார் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டரின் நல்ல மூடி தரும் அழுத்தம் இரண்டுக்குமே சுமார் 20 டிகிரி கூட்டும். அதனால் ரப்பர் தளர்ந்த மூடியை வைத்துக்கொண்டு கூலண்ட் பிராண்டைப் பற்றிச் சண்டை போடுவது வீண்.

“சென்னையில் என்ன பனியா உறையுது, எதுக்குப் பாதிக்குப் பாதி?” என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம். மைனஸ் 37 டிகிரி பாதுகாப்பு நமக்கு எதற்கு? ஆனால் துருத் தடுப்பு மருந்து கூலண்டோடு சேர்ந்தே வருகிறது. ரொம்ப நீர்த்துவிட்டால் அதுவும் போய்விடும். கார் கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

மொத்தமாக மாற்றும்போது தண்ணீர் கலக்காத கூலண்டான கான்சன்ட்ரேட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சிக்கனம். ஆசிட் கேனை எடுத்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். வண்டியில் வைத்து டாப்-அப் செய்ய, முன்பே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸுக்குத்தான் என் ஓட்டு. பாதி தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம், ஆனால் அது நல்ல தண்ணீர். பச்சை, ஆரஞ்சு நிறத்தை நம்ப வேண்டாம், நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. வகை மாறிக் கலந்தால் துருத் தடுப்பின் ஆயுள் குறையும்.

அடுத்து ஒழுகல். வண்டிக்கு அடியில் வாசனையில்லாத வெறும் தண்ணீர் சொட்டினால் அது ஏ.சி.யாக இருக்கலாம். விரலில் வழுக்கி, தித்திப்பாக வாடை அடித்தால் கூலண்ட். இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில் காய்ந்துபோன பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் ஒழுகல் அங்கேதான். ஹோஸ் முனையில் தெரிந்தால் அதிர்ஷ்டம், கிளாம்போடு செலவு முடிந்தது. வாட்டர் பம்ப் அடியிலுள்ள சிறு துளையில் கசிந்தால் பம்பை மாற்றியே ஆக வேண்டும்.

ஊற்றியதும் ஓட்டையை அடைக்கும் லீக் ஸ்டாப் பாட்டில் நடுவழி அவசரத்துக்கு மட்டும். ஓட்டையை அடைப்பது குழாயையும் அடைக்கும். காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் அடைபட்டால் சென்னையில் யாரும் அழப்போவதில்லை, ரேடியேட்டர் அடைபட்டால் அழ வேண்டும். எம்-சீல் பூச்சு, சூடும் அழுத்தமும் ஏறி இறங்க இறங்க விட்டுக்கொடுக்கும். மடிப்பில் மட்டும் கசிவு, ரேடியேட்டரின் நடுவிலுள்ள குழாய்ப் பகுதியான கோர் நன்றாக இருக்கிறது என்றால் டேங்கையோ கேஸ்கெட்டையோ மாற்றுவது நியாயமான வழி. கோரே உப்பில் அரித்திருந்தால் ஒரு ஓட்டையை வெல்டிங் வைத்து மூடுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அப்போது புது ரேடியேட்டர்தான். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் எந்த ஊர் போர் தண்ணீர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. வாங்கியே தீருவது என்றால், பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.