வானத்திலிருந்து எண்ணுவதா, நேப்பியர் பாலத்திலிருந்தா?

பெரிய மழை ஓய்ந்த மறுநாள் சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மணல் முழுக்க ஆகாயத்தாமரை; அதற்குள் செருகிக்கொண்டு பால் கவர், தண்ணீர் பாட்டில், தெர்மாகோல். இந்தப் பிளாஸ்டிக் குப்பையைப் படம் எடுத்து, இயந்திரக் கற்றல் மூலம், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி மாடலை வைத்து எண்ண மூன்று வழிகள் இருக்கின்றன: செயற்கைக்கோள், ட்ரோன், பாலத்தில் கட்டும் கேமரா. பேச்சில் எப்போதும் முதலில் வருவது செயற்கைக்கோள்தான். சென்னை என்று வரும்போது நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், மிதக்கும் பொருள் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் மிகத் துல்லியமான ஒளிப்பட்டைகளிலும் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஆயிரம் சதுர அடி ஃபிளாட் ஒன்று அப்படியே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் 2018-ல் பாட்டில், பை, வலை ஆகியவற்றைக் கொண்டு அதே அளவில் மிதவைகள் கட்டிக் கடலில் விட்டுத்தான் இது தெரிகிறதா என்று சோதித்தார்கள். குப்பை அந்த அளவுக்குத் திரண்டு மிதந்தால் சரி. சிதறிப் போனால் ஒன்றும் தெரியாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். ஆறுகள் குப்பையைக் கடலுக்குத் தள்ளுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானம் மூடிக்கிடப்பதும் அப்போதுதான். மேகம் விலகிய நாளில் படம் கிடைத்தாலும், ஆகாயத்தாமரையும் 2019-ல் மெரினாவில் ஒதுங்கியதே, அந்த மாதிரி வெள்ளை நுரையும் கணக்கைக் குழப்பும். பச்சையத்தை வைத்துத் தாமரையைக் கழித்துவிடலாம். தாமரைக்குள் சிக்கிய பாட்டிலும் அதோடு சேர்ந்து கழிந்துவிடும்!

ட்ரோன் அப்படியில்லை. 30 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு புள்ளி சுமார் 1 சென்டிமீட்டர். பாட்டில் பாட்டிலாகவே தெரியும், மூடி மட்டும் தப்பிவிடும். ஆனால் மெரினா சுமார் 6 கிலோமீட்டர் நீளம், சராசரி 300 மீட்டர் அகலம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும் என்பதால் இருபதுக்கும் மேற்பட்ட தடவை போய் வரவேண்டியிருக்கும். பேட்டரியோ பெரும்பாலும் அரை மணி நேரம் போலத்தான் தாங்கும். தலைமைச் செயலகம், கடற்படைத் தளம் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் அனுமதி வாங்குவது தனி வேலை. எனவே முழுக் கரையையும் விட்டுவிட்டு, ஆங்காங்கே 100 மீட்டர் துண்டுகளாக எடுப்பதுதான் நடைமுறை.

வெளிநாட்டுப் படங்களில் பழகிய மாடலை அப்படியே இங்கே இறக்கவும் கூடாது. மீனவர்கள் வாழும் ஊரூர் குப்பத்தில் காயும் நைலான் வலை பிளாஸ்டிக்தான், ஆனால் குப்பை இல்லை. அது ஒருவருடைய பிழைப்பு. மணலில் பாதி புதைந்த பால் கவரும் காய்ந்த தேங்காய் மட்டையும் அந்த மாடலுக்குப் புதுசு. சில ஆயிரம் உள்ளூர்ப் படங்களில் உட்கார்ந்து எது குப்பை என்று கட்டம் போட்டுக் குறித்தே ஆகவேண்டும். அலுப்பான வேலை, தப்பிக்க முடியாது.

பாலத்துக் கேமராவில் கவர்ச்சி எதுவும் இல்லை. ஜகார்த்தாவின் ஆறுகளில் இப்படிக் கேமரா வைத்து எண்ணிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. கூவத்துக்கு நேப்பியர் பாலம், அடையாற்றுக்கு திரு.வி.க. பாலம். கேமரா நிற்கும் இடம் மாறாது, மேகம் தடையில்லை, கொட்டும் மழையில் தெளிவு குறைந்தாலும் மழை விட்டதும் எண்ணத் தொடங்கலாம். மூழ்கிப் போவது தெரியாது. இரவில் விளக்கு வேண்டும். உப்புக்காற்று கண்ணாடியை மங்கவைக்கும். ஓதம் ஏறிக் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் வரும்போது, காலையில் போன பாட்டில் மாலையில் திரும்பி வரும். திசையையும் சேர்த்துப் பதியாவிட்டால் ஒரே பாட்டில் நான்கு பாட்டிலாகிவிடும்.

கையில் இருக்கும் காசுக்கு ஒரு வழிதான் என்றால், நான் இரண்டு பாலத்திலும் கேமரா கட்டுவேன். கொஞ்சம் மிஞ்சினால் மழைக்கு முன்னும் பின்னும் ட்ரோன். செயற்கைக்கோள் படம் எப்படியும் இலவசம்தானே, வெள்ளம் வடிந்தபின் மேகம் விலகும் நாளில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.