யூரோப்பாவா, டைட்டனா: மோதல் எங்கே கடலைத் தொடும்?

பனி நிலவுகளில் உயிரைத் தேடுவோருக்கு எப்போதும் இந்த இழுபறிதான்: வியாழனின் யூரோப்பாவா, சனியின் டைட்டனா? இரண்டிலும் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாகக் கருதப்படுகிறது. விண்கல் மோதினால் மேற்பரப்பில் உள்ள சரக்கு எங்கே அந்தக் கடல்வரை இறங்கும் என்பதே கேள்வி.

பனி ஓட்டின் தடிமன்
யூரோப்பா: சில கி.மீ. முதல் 30 கி.மீ. வரை பல மதிப்பீடுகள்.
டைட்டன்: பெரும்பாலான கணக்குகளில் 50-100 கி.மீ.

மோதிய பின்
சுவாரஸ்யம் இங்கேதான். விண்கல் ஓட்டைத் துளைத்தே தீரவேண்டும் என்றில்லை. மோதிய சூட்டில் பனி உருகிக் குழிக்குள் தேங்கும். தம்ளரில் ஐஸ்கட்டி ஏன் மிதக்கிறது? தண்ணீர் அதைவிட அடர்த்தி. அதனாலேயே தேங்கிய நீர், அடியில் இளகிய பனியை விலக்கிக்கொண்டு மெல்ல இறங்கக்கூடும். யூரோப்பாவின் மனன்னான் குழியை வைத்துச் செய்த கணினி மாதிரிகள் காட்டியதும் இதைத்தான். குழியின் அகலம் இருபது கி.மீ. சொச்சம், அவ்வளவே! டைட்டனின் மென்ர்வா சுமார் 400 கி.மீ.; ஆனால் அந்த அளவில் அது ஒன்றுதான்.

மேலே உள்ள சரக்கு
யூரோப்பா: கதிர்வீச்சில் பிறந்த ஆக்சிஜன், பெராக்சைடு.
டைட்டன்: கரிமச் சேர்மங்கள், மணல்மேடு மணல்மேடாக.

கடலுக்கு வழிதான் முக்கியமென்றால் என் ஓட்டு யூரோப்பாவுக்கு. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை எட்டும். உருகுநீரில் கரிமம் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, டைட்டனின் செல்க் குழி. நாசாவின் பறக்கும் ஆய்வுக்கலமான டிராகன்ஃபிளை போகவிருப்பதும் அங்கேதான்.